ஸ்லீவ் ஆபரேஷன் ஆகி ஒன்பதாம் நாள்: மதினிக்கு எதை, எவ்வளவு, எப்படிக் கொடுக்கிறது?

திருமங்கலம் தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். மதினிக்கு எடை குறைக்கிறதுக்காக மதுரையில ஸ்லீவ் ஆபரேஷன் (இரைப்பையில பெரும்பாகத்தை வெட்டி எடுக்கிறது) ஆகி இன்னைக்கு ஒன்பதாம் நாள். வயசு 38. சுகரும் பிரஷரும் முன்னாடியே உண்டு. சுகருக்கு மெட்ஃபார்மின் எஸ்.ஆரும் கிளிமெபிரைடும் சேர்ந்த மாத்திரை, பிரஷருக்கு டெல்மிசார்டான் எச். நாலாம் நாள் வீட்டுக்கு விட்டாங்க. 14 நாள் வரைக்கும் நீர் ஆகாரம், அடுத்த ரெண்டு வாரம் மசிச்சது, அப்புறம் மெதுவான சாப்பாடுன்னு சீட்டு இருக்கு. ஆனா சீட்டுல இருக்கிற பாதிச் சாமான் இங்க எந்தக் கடையிலயும் கிடைக்காது. அதனால வீட்டுல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

1. அம்மா ஆட்டுக்கால் சூப்பும் கேப்பைக் கூழும் கொடுத்தாத்தான் தெம்பு வரும்ங்கிறாங்க. கொடுக்கலாமா?
2. தண்ணி ஒரு டம்ளர்கூட இறங்க மாட்டேங்குது. நாலு மடக்கு சேர்த்துக் குடிச்சா நடுநெஞ்சு வலிக்குதாம்.
3. புரோட்டீன் பவுடர் வாடையே ஆகலை. கொமட்டுது.
4. ரெண்டு நாளா எந்திரிச்சா தலை சுத்துது. பழைய மாத்திரைகளை அப்படியேதான் போட்டுக்கிட்டு இருக்காங்க; டிஸ்சார்ஜ் சீட்டுல அதைப் பத்தி எதுவும் எழுதலை. பக்கத்து கிளினிக்ல ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திட்டு வரலாமான்னு அண்ணன் கேக்குது.
5. அஞ்சு நாளா வெளிக்குப் போகலை.
6. இட்லி எப்ப கொடுக்கலாம்? சித்திரைத் திருவிழா வருது, வீடு நிறைய சொந்தக்காரங்க இருப்பாங்க, எல்லாரும் சாப்பிடுறப்ப இவங்களுக்கு என்ன வைக்கிறது?

விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

வார்டு டூட்டி:

நாலாவது கேள்விக்கு மட்டும் உடனே பதில் சொல்றேன், மத்தது அப்புறம். இன்னைக்கே ஆபரேஷன் பண்ணின டாக்டருக்கோ அந்த வார்டுக்கோ போன் பண்ணி, இந்த ரெண்டு மாத்திரை பேரையும் வாசிச்சுக் காட்டுங்க.

கிளிமெபிரைடு சாப்பாடு உள்ளே போகுதோ இல்லையோ கணையத்தைப் பிழிஞ்சு இன்சுலினை வெளியே தள்ளும். இப்ப சாப்பாடே இல்லை, அதனால சுகர் தாழ்ந்து போகும். டெல்மிசார்டான் பேருக்குப் பின்னாடி வர்ற எச், சிறுநீரை அதிகம் போக வைக்கிற மருந்து. குடிக்கிறதே கம்மி, அதிலயும் இது தண்ணியை இறக்கினா எந்திரிக்கிறப்ப பிரஷர் விழும். தலைசுத்தலுக்கு இந்த ரெண்டும் போதும். மெட்ஃபார்மினைப் பெரும்பாலும் தொடரச் சொல்லுவாங்க, ஆனா எஸ்.ஆர். மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. பல மணி நேரத்துக்கு மெல்ல இறங்க வேண்டிய மருந்து ஒரே நேரத்துல இறங்கிடும். சாதா மாத்திரையா மாத்தித் தரச் சொல்லுங்க. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாதிரி மாத்திரை யாராவது போட்டுக்கிட்டு இருந்தா அதைக் கட்டாயம் சொல்லணும். சாப்பாடு கம்மியா இருக்கிற நேரத்துல அது ரத்தத்துல அமிலம் ஏற வச்சிடும், அப்ப சுகர் மெஷின்ல நம்பர் சாதாரணமாவே காட்டும்.

போன் எடுக்கிற வரைக்கும் செய்ய வேண்டியது: வீட்டு மெஷின்ல சுகர் பாருங்க. 70-க்குக் கீழே இருந்தா குளுக்கோஸ் பொடி மூணு டீஸ்பூன், அதாவது சுமார் 15 கிராம், 60 மி.லி. தண்ணியில கரைச்சுப் பையப் பைய குடிக்க வைங்க. 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க. அடுத்த ரெண்டு வாரத்துக்கு ஒரு நாளைக்கு நாலு தடவை சுகர் பார்த்து எழுதி வைக்கணும். பிரஷரை உட்கார வச்சு ஒண்ணு, நிக்க வச்சு ஒண்ணு பாருங்க.

கிளினிக்ல குளுக்கோஸ் ஏத்துற விஷயத்தைத் தனியா எழுதுறேன். அது வரைக்கும் ஏத்த வேண்டாம்.

---

அடுப்படி அளவு:

சிஸ்டர் மருந்துப் பக்கம் பார்த்துக்குவாங்க, நான் சாப்பாட்டுப் பக்கம் வர்றேன்.

தம்பி, முதல் ரெண்டு வாரத்துக்கு வரிசை இதுதான்: தண்ணி முதல்ல, புரதம் ரெண்டாவது, மத்ததெல்லாம் அப்புறம். இரைப்பையில முக்கால் பங்குக்கு மேல எடுத்தாச்சு. மிச்சம் நீளவாக்குல ஒரு குழாய், அதோட ஒரு ஓரம் முழுக்கப் பின் அடிச்ச தையல். வீக்கம் வடிஞ்ச பிறகுதான் அது 100, 150 மி.லி. கொள்ளும், இப்ப அவ்வளவும் கொள்ளாது. நாலு மடக்கு ஒண்ணாப் போனா நெஞ்சு வலிக்கிறது அதனாலதான். இன்னொண்ணு, பசியைத் தூண்டுற ஹார்மோன் பெரும்பாலும் சுரக்கிறது வெட்டி எடுத்த அந்த மேல்பாகத்துலதான். அதனால பசியும் எடுக்காது, தாகமும் சரியாத் தெரியாது. "பசிச்சாக் கேப்பாங்க"ன்னு விட்டுட்டா சாயங்காலம் வரைக்கும் கால் லிட்டர்கூட உள்ளே போயிருக்காது. கடிகாரத்தைப் பார்த்துத்தான் கொடுக்கணும்.

இருமல் மருந்துப் பாட்டில் மூடியில 10 மி.லி. கோடு இருக்கும். மூணு மூடி 30 மி.லி. கால் மணி நேரத்துக்கு 30 மி.லி., அதையும் மூணு நாலு வாயாப் பிரிச்சு. மணிக்கு 120 ஆச்சு. முழிச்சிருக்கிற 14 மணி நேரத்துக்கு 1,680 மி.லி. வந்துடும். ஒன்றரை லிட்டருக்குக் கீழே எந்த நாளும் போகக் கூடாது, இந்த வெயிலுக்கு ரெண்டு லிட்டரை நோக்கிப் போறது நல்லது. காலையில ஒன்றரை லிட்டரை மூணு அரை லிட்டர் பாட்டில்ல ஊத்தி வச்சு, மத்தியானம் பன்னிரண்டுக்கு ஒண்ணு, நாலு மணிக்கு ஒண்ணு, ராத்திரி எட்டுக்கு ஒண்ணு காலியாகணும்னு வச்சுக்கிட்டா யாரும் கணக்குப் போட வேண்டியதில்லை. சில பேருக்குப் பச்சைத் தண்ணி நெஞ்சுல நிக்கும், இளஞ்சூடா இறங்கும். சில பேருக்கு நேர்மாறு. ரெண்டையும் பாருங்க. ஸ்ட்ரா வேண்டாம், காத்தும் கூடவே போகும். சோடா, பவண்டோ, கோலி சோடா எதுவும் கிடையாது.

எதெல்லாம் தண்ணிக் கணக்குல வரும்னா: வடிகட்டின மோர் (தயிர் ஒரு பங்கு, தண்ணி மூணு பங்கு, கொஞ்சூண்டு உப்பு), மிளகாயும் புளியும் குறைச்ச தெளிவான ரசம், காய்கறி வேகவச்ச தண்ணி, பால், வழுக்கை இல்லாத இளநீர். இளநீர்ல சர்க்கரையும் உண்டு, பொட்டாசியமும் உண்டு. மதினி போடுற டெல்மிசார்டானும் பொட்டாசியத்தை ஏத்துற மருந்து, அதனால பாதி இளநீருக்கு மேல ஒரு நாளைக்கு வேண்டாம். சிறுநீரகக் கோளாறு இருக்கிறவங்க டாக்டரைக் கேக்காமத் தொடவே கூடாது.

இனிப் புரதம். நாளைக்கு 60-லிருந்து 80 கிராம்ங்கிறது குறி. நீர் ஆகாரத்துல அதைப் பிடிக்கிறதுதான் கஷ்டம். நீலப் பாக்கெட் பால் 150 மி.லி. காய்ச்சி ஆறவச்சு, கொழுப்பு நீக்கின பால் பவுடர் ரெண்டு மேஜைக்கரண்டி (15 கிராம்) கட்டி இல்லாமக் கரைச்சா அதுல 10 கிராம் புரதம். சர்க்கரை போட வேண்டாம். இப்படி ஒரு நாளைக்கு மூணு தடவை கொடுத்தா 30. மிச்சம் பாதியை வே பவுடர்லதான் (பால்ல இருந்து எடுக்கிற புரோட்டீன் பவுடர்) எடுக்கணும். 30 கிராம் ஸ்கூப் ஒண்ணுல பொதுவா 24 கிராம் புரதம் இருக்கும், டப்பா லேபிளைப் பார்த்துக்கங்க. மோரும் பருப்புத் தெளிவும் சேர்ந்தா 60-க்குப் பக்கத்துல வந்துடும்.

வாடைக்கு வழி: ஒரே தடவையா ஒரு ஸ்கூப் கலக்காதீங்க. 10 கிராம் வீதம் மூணு வேளை, 100 மி.லி.யில. சாக்லேட், வெனிலா ரெண்டும் இந்த நேரத்துல திகட்டும். வாசனை சேர்க்காத பவுடர் வாங்கி மோர்லயோ ஆறின ரசத்துலயோ கலக்குங்க. உப்புச் சுவையில வாடை அடங்கிடும். கொதிக்கிற ரசத்துல போட்டா முட்டை திரிஞ்ச மாதிரி திரியும். முதல்ல பச்சைத் தண்ணியில பசையாக் குழைச்சு, விரல் பொறுக்கிற சூட்டுல இருக்கிற ரசத்துல ஊத்தணும். பால் குடிச்சதும் வயிறு இரைஞ்சு தண்ணியாப் போனா பால்ல இருக்கிற லாக்டோஸ்ங்கிற சர்க்கரை ஒத்துக்கலைன்னு அர்த்தம். வே ஐசோலேட்னு கேட்டு வாங்குங்க, அதுல லாக்டோஸ் ரொம்பக் கம்மி. பாலுக்குப் பதிலா மோர், தயிர்.

அம்மாவுக்குச் சொல்ல வேண்டியது: ஆட்டுக்கால் சூப் கொடுக்கலாம், ஆனா தண்ணிக் கணக்குல, புரதக் கணக்குல இல்லை. எலும்பிலயும் சவ்விலயும் இறங்குறது கொலாஜன். அது முழுப் புரதம் கிடையாது, உடம்புக்கு வேணும்ங்கிற டிரிப்டோஃபேன் அதுல இல்லவே இல்லை. சூப்பை வச்சு ஆறவிட்டு ஃபிரிட்ஜ்ல வைங்க. மேல ஆடையா உறையுற கொழுப்பை முழுசா வழிச்சு எடுத்துட்டு, வடிகட்டி, மிளகை நாலுல ஒரு பங்காக் குறைச்சுக் கொடுங்க. நாட்டுக்கோழிச் சாறுக்கும் இதே விதி.

கேப்பைக் கூழ் இப்ப வேண்டாம். 20 கிராம் மாவுல கூழ் காய்ச்சினா புரதம் ஒன்றரை கிராம்கூடத் தேறாது, ஆனா இருக்கிற கொஞ்ச இடத்தையும் மாவே அடைச்சுக்கும்.

---

கீழமாசி வீதி:

கேப்பையில கால்சியம் பால்ல இருக்கிறதை விட மூணு மடங்கு. காலம் காலமா பிள்ளை பெத்தவளுக்கும் சீக்காளிக்கும் கொடுத்து எழுப்பி விட்ட கூழை வேண்டாம்னு சொல்லிட்டு டப்பா பவுடரை வாங்கச் சொல்றது எனக்கு ஒப்பலை.

---

அடுப்படி அளவு:

கால்சியம் கணக்கு நீங்க சொல்றது சரிதான், 100 கிராம் மாவுல 340 மி.கி.க்கு மேல உண்டு. ஆனா மதினியால இப்ப 100 கிராம் மாவைச் சாப்பிட முடியாதே அண்ணே. 20 கிராம் உள்ளே போனா 70 மி.கி., அவங்களுக்குத் தேவை 1,200-லிருந்து 1,500. பிள்ளை பெத்தவளுக்கு இரைப்பை முழுசா இருக்கு. கூழும் குடிச்சு அதுக்கு மேல மீனும் முட்டையும் சாப்பிடுவா. இங்க ஒண்ணு குடிச்சா இன்னொண்ணுக்கு இடமில்லை. ரெண்டு மாசம் கழிச்சு ராத்திரிக்கு அரை டம்ளர் கேப்பைக் கூழ், மோர் ஊத்தி, தாராளமா.

---

வார்டு டூட்டி:

இப்ப கிளினிக் விஷயம்.

கிராமத்துலயும் சின்ன ஊர்லயும் யாருக்கு அசதின்னாலும் கைப்பழக்கமா நடக்கிறது ரெண்டு: ஒரு பாட்டில் குளுக்கோஸ், இடுப்புல ஒரு வலி ஊசி. இந்த ஆபரேஷன் ஆனவங்களுக்கு ரெண்டுமே கெடுதல் பண்ணலாம்.

குளுக்கோஸ் ஏன் ஆகாது? குளுக்கோஸை உடம்பு எரிக்கிறதுக்கு தையமின்ங்கிற பி1 வைட்டமின் வேணும். அது உடம்புல ரெண்டு மூணு வாரத்துக்குத்தான் இருப்பு இருக்கும். சரியாச் சாப்பிடாம, அதுலயும் வாந்தி எடுத்துக்கிட்டு இருந்தா இருப்பு தீர்ந்துடும். அந்த நேரத்துல நரம்பு வழியா குளுக்கோஸ் போனா மிச்சம் மீதி தையமினும் அதுலயே செலவாகி, மூளை பாதிக்கும். பார்க்கிறதெல்லாம் ரெட்டையாத் தெரியும், கண்ணுப் பாப்பா தானா ஆடும், கால் தள்ளாடும், பேச்சு குழம்பும். உடனே கவனிக்கலைன்னா ஞாபகசக்தி திரும்பாமலே போயிடலாம். அதனால எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் வாசல்லயே சொல்லுங்க: "எடை குறைப்பு ஆபரேஷன் ஆனவங்க, முதல்ல தையமின் ஊசி, அப்புறம் பாட்டில்." தண்ணி வத்தினதுக்குச் சலைனோ ரிங்கர் லாக்டேட்டோ போதும். சுகர் தாழ்ந்து மயக்கமாவே கிடந்தா மட்டும் கதை வேற, அப்ப குளுக்கோஸைத் தள்ளிப் போடக் கூடாது. ரெண்டையும் கையோட சேர்த்துக் கொடுக்கணும்.

வலி ஊசின்னா பெரும்பாலும் டைக்ளோஃபெனாக். அதுவும், அசெக்ளோஃபெனாக், இபுபுரூஃபென் மாத்திரைகளும் இரைப்பையில புண்ணு வைக்கும். ஸ்லீவுக்கே தவிர்க்கணும், இரைப்பை பைபாஸ் (குடலை மாத்தி இணைக்கிற இன்னொரு எடை குறைப்பு ஆபரேஷன்) ஆனவங்களுக்கு ஆயுசுக்கும் ஆகாது. வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால்.

ஆனா காய்ச்சல்னா மாத்திரையைப் போட்டுட்டுப் படுக்க வைக்காதீங்க. பின் அடிச்ச தையல்ல கசிவு வந்தா முதல்ல ஏறுறது நாடி. சும்மா படுத்திருக்கிறப்ப 100-க்கு மேலயே நின்னா போன் பண்ணணும், 120 தாண்டினா போன் பண்ண நேரமில்லை, கிளம்பணும். விரல்ல மாட்டுற ஆக்ஸிமீட்டர்ல நாடியும் காட்டும், காலையிலயும் ராத்திரியும் பார்த்து எழுதுங்க. கூடவே 100.4 டிகிரிக்கு மேல காய்ச்சல், கூடிக்கிட்டே போற வயித்துவலி, இடது தோள்பட்டையில குத்துற வலி, மூச்சு வாங்குறது, என்னமோ சரியில்லைங்கிற பயம் இதுல எது வந்தாலும் அதேதான். முதல் மூணு நாலு நாள்ல வர்ற தோள்வலி ஆபரேஷனுக்கு வயித்துல நிரப்பின வாயுவால வரும், தானா போயிடும். ஒரு வாரம் கழிச்சுப் புதுசா வர்ற தோள்வலியை "கேஸ்"னு சொல்லி ஊசி போட்டு அனுப்புற இடத்துல நிக்காதீங்க. ஸ்கேன் எடுக்க வசதி இருக்கிற, முடிஞ்சா ஆபரேஷன் பண்ணின இடத்துக்கே போங்க. பெரும்பாலும் முதல் ரெண்டு வாரத்துல தெரியும், ஒரு மாசம் வரைக்கும் விழிப்பா இருக்கணும். மூச்சு வாங்குற ஆளை பைக்ல வச்சுக் கூட்டிட்டுப் போகாதீங்க, 108-ஐக் கூப்பிடுங்க.

ஒரு காலில மட்டும் கெண்டைச்சதை வீங்கி வலிச்சா ரத்தக்கட்டு. அதுக்குத்தான் வயித்துல போடுற ஊசி எழுதிக் கொடுத்திருப்பாங்க, சொன்ன நாள் வரைக்கும் விடக் கூடாது. மணிக்கு ஒரு தடவை எந்திரிச்சு வீட்டுக்குள்ளயே அஞ்சு நிமிஷம் நடக்கணும், படுத்தே கிடக்கிறது ஆபத்து.

அஞ்சாவது கேள்வி. சாப்பிடுறதே இவ்வளவுதான், அதனால அஞ்சு நாள் போகாம இருக்கிறது பெரிய விஷயமில்லை. தண்ணி கம்மி, வே பவுடர், இரும்பு மாத்திரை மூணுமே கட்டும். லாக்டுலோஸ் சிரப் 15 மி.லி. ராத்திரிக்குக் கொடுக்கலாமான்னு போன்ல கேட்டுக்கங்க. இசப்கோல் மட்டும் வேண்டாம்: அது ஊறி உப்புறதுக்கு ஒரு பெரிய டம்ளர் தண்ணி வேணும், அது இவங்களால முடியாது, உள்ளேயே கட்டியா நின்னுடும். வயிறு உப்பி, காத்தும் பிரியாம, வாந்தியும் இருந்தா அது மலச்சிக்கல் கணக்குல வராது, ஆஸ்பத்திரி.

ஆறு வாரத்துக்கு அஞ்சு கிலோவுக்கு மேல தூக்கக் கூடாது. தண்ணிக்குடமும் கூடாது, பிள்ளையையும் தூக்கக் கூடாது. துளைக் காயம் முழுசா ஆறுற வரைக்கும் கிணத்துலயோ கண்மாயிலயோ இறங்க வேண்டாம்.

---

திருமங்கலம் தம்பி:

ரொம்ப நன்றி சிஸ்டர், நன்றிங்க அடுப்படி. போன் பண்ணிட்டோம். கிளிமெபிரைடையும் எச்-ஐயும் நிறுத்திட்டு, மெட்ஃபார்மின் சாதா மாத்திரை, பிரஷருக்கு வெறும் டெல்மிசார்டான் பாதி அளவு, நாளன்னைக்கு நேர்ல வரச் சொல்லியிருக்காங்க. சுகர் 82, நாடி 88. மோர்ல கலக்கின பவுடர் உள்ளே நிக்குது. இனி 15-ஆம் நாளுக்கு மேல என்ன செய்யிறதுன்னு சொல்லுங்க. நடுவுல தொண்டையில ஏதோ நிக்கிற மாதிரி இருந்து வெள்ளை நுரையா வந்துச்சு, அது என்ன? பார்க்கப் போனா அன்னைக்கு அம்மா கொடுத்தது வெறும் ஒரு வாய் இட்லிதான்.

---

அடுப்படி அளவு:

அந்த ஒரு வாய் இட்லிதான் காரணம். இட்லி மெத்துன்னு இருக்கேன்னு எல்லாரும் முதல்ல அதைத்தான் கொடுப்பாங்க. மெத்துன்னு இருந்தாலும் உமிழ்நீர்ல நனைஞ்சதும் உருண்டு பசையாகும்; அரிசி, பிரெட், சப்பாத்தி, பரோட்டா எல்லாத்துக்கும் இந்தக் குணம் உண்டு. அது குழாய் வாயில நின்னா, அதைக் கீழே தள்ள உடம்பு சளியையும் எச்சிலையும் ஊத்தும். அது இறங்க வழியில்லாம நுரையா மேல வரும். அப்ப தண்ணி குடிச்சுத் தள்ளப் பார்க்காதீங்க, இன்னும் நிறைஞ்சு வலிக்கும். நிமிர்ந்து உட்கார்ந்து அல்லது நடந்து, அரை மணி நேரம் விட்டா இறங்கிடும் இல்லை வெளியே வந்துடும். அன்னைக்கு மிச்சப் பொழுது நீர் ஆகாரம் மட்டும். தண்ணியே இறங்காம 12 மணி நேரம் போனாலோ, மூணாவது நாலாவது வாரத்துல முன்னாடி இறங்கினது இப்ப இறங்கலைன்னாலோ குழாய் எங்கயோ சுருங்கியிருக்கும். எண்டோஸ்கோப்பில பலூன் வச்சு விரிக்க வேண்டி வரும், வீட்டுல வச்சுப் பார்க்கிற விஷயம் இல்லை.

15-லிருந்து 28-ஆம் நாள் வரைக்கும் மசியல். மிக்ஸியில அடிச்சு, காப்பி வடிகட்டியில கரண்டியால தேய்ச்சா முழுசா இறங்கணும். கட்டி தட்டுப்பட்டா மறுபடி அடிக்கணும். ஒரு வேளைக்கு ரெண்டு மேஜைக்கரண்டியில ஆரம்பிச்சு, பத்து நாள்ல நாலு கரண்டி வரை. ஒரு நாளைக்கு அஞ்சு ஆறு வேளை. பிள்ளைகளுக்கு ஊட்டுற சின்ன ஸ்பூன் வச்சுக்கங்க. ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் ஒரு நிமிஷம். இருபது நிமிஷத்துல என்ன போச்சோ அதோட சரி, மிச்சத்தை எடுத்துடணும். "இன்னும் ஒரே ஒரு வாய்"தான் வாந்தி.

பாசிப்பருப்பு 30 கிராம், மஞ்சள் தூள், ஒரு பல் பூண்டு, 150 மி.லி. தண்ணி, அஞ்சு விசில். மசிச்சு, அரை டீஸ்பூன் நெய். இதுல 7 கிராம் புரதம், ரெண்டு வேளைக்கு வரும். முட்டையைக் கடினமா வேகவச்சுக் கொடுத்தா மஞ்சள் கரு நெஞ்சை அடைக்கும். அடிச்ச முட்டையில ரெண்டு மேஜைக்கரண்டி பால் ஊத்தி, கிண்ணத்தோட இட்லிச் சட்டியில பத்து நிமிஷம் அவிச்சா தயிர் மாதிரி வழுக்கி இறங்கும், 7 கிராம். துணியில கட்டித் தொங்கவிட்ட தயிர் நாலு மணி நேரத்துல தண்ணி வடிஞ்சு கெட்டியாகும். அளவு பாதிக்குப் பாதி, புரதம் கிட்டத்தட்ட அப்படியே. கோழி நெஞ்சுக்கறி 50 கிராமைக் குக்கர்ல வேகவச்சு, வெந்த தண்ணியும் ரசமும் ஊத்தி மிக்ஸியில பால் பதத்துக்கு அடிச்சா சுமார் 11 கிராம். மீன்னா வஞ்சிரம் இல்லை விரால், ஆவியில அவிச்சு முள்ளைக் கையால தடவிப் பார்த்து எடுத்துட்டு. கெண்டையும் ஜிலேபியும் முள்ளுக்காக ஒதுக்கிடுங்க. அயிரை மீன் குழம்பு மதுரைக்காரங்களுக்கு விட முடியாததுதான், ஆனா முழுசா முள்ளோட திங்கிற மீன், அதுவும் புளியும் காரமும் ஏறின குழம்புல. மூணு மாசம் பொறுக்கணும்.

சாப்பாடும் தண்ணியும் இனிச் சேரக் கூடாது. சாப்பிடுறதுக்கு முன்னாடி வரைக்கும் குடிக்கலாம், சாப்பிட ஆரம்பிச்சா நிறுத்தி, முடிச்சு அரை மணி நேரம் கழிச்சுத்தான் அடுத்த வாய்த் தண்ணி. ரெண்டும் சேர்ந்தா இடம் பத்தாம மேல வரும்.

அஞ்சாவது வாரத்துல மெதுவான சாப்பாடு: முட்டைப் பொடிமாஸ், பனீர் பொடிமாஸ், கொத்துக்கறியைக் குழைய வேகவச்சது, வெந்த காய். கறித்துண்டு, அதுவும் மறுநாள் சுடவச்சு வறண்டு போனது, எல்லாத்தையும் விட அதிகமா அடைக்கும். இட்லி ஆறாவது வாரத்துல, பாதி, சாம்பார்ல நல்லா ஊறினது, பருப்பையோ முட்டையையோ முதல்ல சாப்பிட்ட பிறகு. முறுகலா வார்த்த தோசை பல பேருக்கு இட்லியை விட லேசா இறங்கும், அது உடைஞ்சு தூளாகிறதால. ஒரு வாய்க்கு இருபது, முப்பது தடவை மெல்லணும். பரோட்டாவை இந்த வருஷம் மறந்துடுங்க.

திருவிழாவுக்கு வர்றவங்க எல்லாரும் கேக்கிற ஒரே கேள்வி "இவ்வளவுதானா சாப்பிடுற?" அதுக்குப் பதில் சொல்லியே மதினி ஓய்ஞ்சு போவாங்க. பந்தி பரிமாறுறதுக்கு அரை மணி முன்னாடியே அவங்க வேளையை முடிச்சுட்டா, கையில மோர் டம்ளரோட எல்லாரோடயும் உட்கார்ந்திருக்கலாம். அழகர் ஆத்துல இறங்குறதைப் பார்க்கிற கூட்டத்துல நிக்க வேண்டாம், வீட்டுல டிவி போதும். வழிப் பந்தல்ல நீர்மோர்னா வாங்கிக்கலாம், உப்பு பார்த்து. பானகம், ஜிகர்தண்டா, வெல்லம் போட்ட பருத்திப்பால் வேண்டாம். ஸ்லீவ் ஆனவங்களுக்குத் தேவையில்லாத சர்க்கரை, அதிலயும் சுகர் இருக்கு. பைபாஸ் ஆனவங்க குடிச்சா பத்து இருபது நிமிஷத்துல நெஞ்சு படபடத்து, வேர்த்து, வயித்தால போகும். விரதம், ஒருபொழுது எதுவும் இந்த வருஷம் கிடையாது.

---

மருந்துப் பெட்டி:

சத்து மாத்திரைகளைப் பத்தி யாரும் இன்னும் எழுதலை, வாங்குறப்பத்தான் தப்பு நடக்குது.

கால்சியம் சிட்ரேட்னு கேட்டு வாங்குங்க. கடையில சும்மா கால்சியம்னா கார்பனேட்டைத்தான் எடுத்துக் கொடுப்பாங்க. அது கரைய அமிலம் வேணும், இவங்களுக்கு அமிலத்தைக் குறைக்கிற பான்டோபிரசோல் ஓடிக்கிட்டு இருக்கு. அட்டையில "கால்சியம் சிட்ரேட் 1000 மி.கி."ன்னு இருந்தா அதுல இருக்கிற தனிக் கால்சியம் 210 மி.கி.தான். தேவை நாளைக்கு 1,200-லிருந்து 1,500 தனிக் கால்சியம், ஒரு நேரத்துக்கு 500-க்கு மேல குடல் வாங்காது. லேபிள்ல "எலிமென்டல்"னு எழுதின எண்ணை மட்டும் கணக்குல எடுங்க.

மாதவிடாய் வர்ற வயசுக்கு இரும்பு 45-லிருந்து 60 மி.கி. தனி இரும்பு. இங்க கிடைக்கிற ஃபெரஸ் அஸ்கார்பேட் மாத்திரையில பொதுவா 100 இருக்கும், தினமா ஒரு நாள் விட்டு ஒரு நாளாங்கிறதை டாக்டர் சொல்லட்டும். கால்சியத்துக்கும் இரும்புக்கும் நடுவுல ரெண்டு மணி நேரம். பாலோட, டீயோட இரும்பு வேண்டாம். ஓடுற மாதிரி ஒரு அட்டவணை: காலை ஆறுக்கு பான்டோபிரசோல், எட்டுக்கு மல்டிவைட்டமினும் பி12-ம், பத்துக்குக் கால்சியம், ரெண்டு மணிக்குக் கால்சியம், ஆறு மணிக்குக் கால்சியம், ராத்திரி ஒன்பதுக்கு இரும்பு. மல்டிவைட்டமின்லயே இரும்பு இருந்தா அதையும் கூட்டிக்கங்க. முதல் ஒரு மாசம் மெல்லுற வகை, கரையுற வகை கிடைச்சா நல்லது. பிள்ளைகளுக்கு விக்கிற மிட்டாய் வகையில பி1-ம் இரும்பும் பெரும்பாலும் இருக்காது.

வைட்டமின் டி வாரம் ஒரு தடவை 60,000 யூனிட் எழுதியிருந்தா அதை தினம் போட்டுடாதீங்க, அப்படிக் குழப்பிக்கிட்டு வர்றவங்க உண்டு. பித்தப்பைக் கல் வராம இருக்க அர்சோடியாக்ஸிகாலிக் அமிலம் ஆறு மாசத்துக்கு எழுதுறது வழக்கம். வலி எதுவும் இல்லையேன்னு ரெண்டாவது மாசத்துல நிறுத்துறாங்க, வேகமா எடை குறையுற அந்த மாசங்கள்லதான் கல்லே சேரும். மூணாவது மாசத்துல முடி கொத்தாக் கொட்டும். அது ஆபரேஷன் அதிர்ச்சியால வர்றது, புரதமும் இரும்பும் சரியா இருந்தா நாலஞ்சு மாசத்துல நிக்கும். பயோட்டின் மாத்திரை வாங்கி அடுக்க வேண்டாம், அது தைராய்டு ரத்தப் பரிசோதனை முடிவையே மாத்திக் காட்டும்.

குழந்தை இன்னொண்ணு பார்க்கிற எண்ணம் இருந்தா 12-லிருந்து 18 மாசம் கழிச்சு. எடை குறைய ஆரம்பிச்சதும் முன்னாடி தள்ளிப்போன மாதவிடாய் சீராகி, எதிர்பார்க்காமலே கரு நிக்கும், அதனால தடுப்பு முறையை இப்பவே பேசி வச்சுக்கங்க.

3, 6, 12-ஆம் மாசங்கள்ல ரத்தப் பரிசோதனை: முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், பி12, ஃபோலேட், வைட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன். தைராக்ஸின் மாத்திரை போடுறவங்களா மதினி? அப்படின்னா மேல போட்ட அட்டவணை மாறும், காலையில வெறும் வயித்துல அதுதான் முதல்ல, கால்சியமும் இரும்பும் அதுக்கு நாலு மணி நேரம் தள்ளி.

---

திருமங்கலம் தம்பி:

தைராய்டு இல்லைங்க. கடையில வாங்கி வச்ச கால்சியம் அட்டையை இப்பத்தான் திருப்பிப் பார்த்தேன், கார்பனேட். நாளைக்கு மாத்திட்டு வர்றேன்.